துண்டுக்குள் ஓர் ஆட்டம்

"இன்னாடா இது, சுவத்துல?" என்று கேட்டார் அஹமது பாஷா.

"பந்தயத்துக்கு விதி, மாமு. படிங்க."

"நீயே படி. கண்ணாடி வீட்டுல இருக்குது."

குர்ஷித் படித்தான். "'ஆட்டம் நடக்கும்போது பார்க்க வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது.'"

"யாருக்குடா எழுதின இதை?"

"உங்களுக்குத்தான். போன வெள்ளிக்கிழமை நீங்க ஒருத்தரே நாலு ஆட்டத்தைக் கெடுத்தீங்க."

"கெடுத்தேனா? நல்லது சொன்னேன்டா!"

குர்ஷித்துக்குப் பதினாறு வயது. ஆம்பூரில் தாய்மாமன் அஹமது பாஷாவின் தோல் மண்டிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த மண்டியின் கிடங்கில்தான் ஐந்து வாரமாகச் சதுரங்கப் பந்தயம் நடத்துகிறான். பதினோரு பேரைச் சேர்த்தது அவன். பலகைக்குக் கட்டம் போட்டது அவன். எந்த வாரம் யாருக்கு யாரோடு ஆட்டம் என்று பட்டியல் எழுதி, தோல் பதனிடும் ஷாப்பு ஷாப்பாக நடந்து சொல்லிவிட்டு வந்ததும் அவன்தான். இத்தனைக்கும் நடுவில் அவனும் ஆடினான். எல்லாரையும் ஜெயித்துக் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டான்.

காரணம், மெட்ராஸிலிருந்து ஒரு சதுரங்கச் சங்கம் எழுதியிருந்த கடிதம். ஆம்பூரிலிருந்து ஒருவரைத் தங்கள் பந்தயத்தில் சேர்த்துக்கொள்வார்களாம். ஒழுங்காக நடந்த போட்டியில் ஜெயித்தவராக இருக்க வேண்டும். கடைசி ஆட்டத்தை நகர்வு நகர்வாக எழுதி, பெயரோடு அனுப்ப வேண்டும். இன்று சாயந்திரம் தபாலில் சேர்க்காவிட்டால் கெடு தாண்டிவிடும்.

அந்த 'ஒழுங்காக'தான் அவன் உயிரை வாங்கியது. கிடங்கில் ஒருவன் யோசித்தால் பத்துத் தலை குனியும். "குதிரையைத் தூக்குடா", "சிப்பாயை விடாதே" என்று பத்து வாய் கத்தும். தோல் தரம் பிரிக்கும் கலீமுல்லா ஒரு படி மேலே போய், யாரோ இருவர் ஆடிய ஆட்டத்தில் தானே ஒரு காயை நகர்த்தி வைத்துவிட்டு, "இப்ப ஆடுங்க" என்றவர்.

கடைசி ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் துரைசாமி. உள்ளூர்க்காரர்தான், வேலை காட்பாடி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். "தம்பி, அஞ்சரை பாசஞ்சருக்கு நான் போயாகணும். நைட் டூட்டி" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் சிப்பாயைத் தொட்டார்.

இரண்டு மணி நேரம் ஆடினார்கள். இருபத்து மூன்று நகர்வு எழுதியாயிற்று. இருபத்து நான்காவது குர்ஷித்தின் முறை. வலது கையில் பென்சில். இடது கை பெஞ்சின் மேல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா நெளிந்தார், பெருமூச்சு விட்டார், தொடையைத் தட்டிக்கொண்டார். திடீரென்று அவர் தோள்துண்டு குர்ஷித்தின் இடது கைமேல் விழுந்தது. துண்டுக்குள் மாமாவின் கை வந்தது. மூன்று விரலைப் பிடித்து அழுத்தியது. பிறகு ஐந்து, பிறகு இரண்டு.

தோல் வியாபாரத்தில் பத்துப் பேர் முன்னால் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டைப் போட்டு, அதற்குள் விரல் பிடித்துத்தான் பேசுவார்கள். முப்பது வருஷமாக மாமாவின் விரல்கள் பேசிய பேச்சு அது. குர்ஷித்துக்கும் புரிந்தது. மூன்றாம் வரிசை; ஐந்தும் இரண்டும் ஏழு, ஏழாம் கட்டம். அங்கே போகக்கூடியது யானை ஒன்றுதான்.

"சாயபு, துண்டை எடுங்க" என்றார் துரைசாமி.

"ஏன், வேர்க்குது, போட்டேன்."

"வேர்த்தா உங்க கைமேல போட்டுக்குங்க. பையன் கைமேல இன்னாத்துக்கு?"

"நான் வாயைத் திறந்தேனா? கலீமுல்லா, நீ சொல்லு. திறந்தேனா?"

"இல்லீங்க" என்றார் கலீமுல்லா.

"சுவத்துல இன்னா எழுதியிருக்குது? வாய்! கையைப் பத்தி ஒண்ணுமில்ல!"

துரைசாமி குர்ஷித்தைப் பார்த்தார். "தம்பி, ஆடுறதும் நீ, நடத்துறதும் நீ. நீயே சொல்லு. இன்னா பண்ணலாம்?"

பத்துத் தலையும் பலகையை விட்டுக் குர்ஷித் பக்கம் திரும்பின.

குர்ஷித் பலகையைப் பார்த்தான். யானை ஏழாம் கட்டத்தில் ஏறினால் துரைசாமியின் ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை. அதைத் தான் முன்பே பார்த்தோமா? அந்த வரிசையில் கண் போனது நிஜம். குதிரையையும் யோசித்துக்கொண்டிருந்தான். விரல் அழுத்துவதற்கு முன்பா, பின்பா? எவ்வளவு முயன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"மாமு காட்டினது யானை, ஏழாம் கட்டம்" என்றான். "அதை நான் ஆடக் கூடாது. வேற ஆடுறேன்."

துரைசாமி குனிந்து பார்த்தார். "அடேயப்பா. அதை ஆடியிருந்தா நான் காலி."

"கேட்டியாடா! அவரே சொல்றாரு! ஆடுடா பேட்டா!"

"மாமு, பேசாம இருங்க!"

குர்ஷித் குதிரையை நகர்த்தினான். முப்பத்தெட்டாவது நகர்வில் துரைசாமி, "உன் ராஜாவுக்கு வழியில்ல தம்பி" என்றார். பார்த்தான். இல்லைதான்.

கடிதம் எழுத உட்கார்ந்தபோது மாமா காதோரம் வந்தார். "உன் கையாலதானே எழுதுற? உன் பேரைப் போடு. மெட்ராஸ்காரனுக்கு இன்னா தெரியப்போவுது?"

"ஆட்டத்தையும் எழுதி அனுப்பணும். யாரு தோத்ததுன்னு அதுலயே இருக்குது."

"இருபத்து நாலாவதை மாத்திடு. யானைன்னு போடு."

"அதுக்கப்புறம் துரைசாமி சார் இன்னா ஆடியிருப்பாருன்னும் நானே எழுதணுமா?"

"எழுதேன்! உனக்குத் தெரியாதா?"

குர்ஷித் பேனாவைக் கீழே வைத்தான். மாமா கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, விடு. ஒண்ணு மட்டும் சொல்லு. நான் விரலைப் பிடிக்கலன்னா அந்த யானையை நீ பார்த்திருப்பியா, மாட்டியா?"

"தெரியல."

"யோசிச்சுச் சொல்லுடா."

"அதுக்கப்புறம் ஆட்டம் முழுக்க அதைத்தான் யோசிச்சேன் மாமு! அதனாலதான் தோத்தேன். நீங்க கையை வைக்காம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இனிமே எப்பவும் தெரியாது. மெட்ராஸ் போகாதது கூடப் பரவாயில்ல, இதுதான் பேஜார்."

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்த பிறகும் அதைக் கீழே இறக்கவில்லை.

"தம்பி, வண்டிக்கு நேரமாச்சு" என்றார் துரைசாமி. "கடுதாசியைக் குடு, ஸ்டேஷன்ல நானே போட்டுடறேன்."

"உங்க பேருக்கு முன்னால இனிஷியல் போடணும். அப்பா பேரு இன்னா சார்?"

"முனிரத்தினம்."

குர்ஷித் எழுதி, உறையை ஒட்டி நீட்டினான். அவர் வாங்கியும் அவன் பிடியை விடவில்லை.

"சார், அங்க போய் முதல் ஆட்டத்துலயே தோத்துட்டு வந்தீங்க, அப்புறம் நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்."