ஏழு சென்டிமீட்டர்

படகுக் கொட்டகையின் உத்தரத்திலிருந்து தன் துடுப்பை இறக்குகையில் டாம்சினுக்கு இடப்பக்க விலா வலித்தது. மூன்று வாரங்களாக அப்பாவின் கட்டிலருகே நாற்காலியிலேயே உறங்கிய உடம்பு. பதினொரு மணிக்கு அப்பா டெஸ்மண்டின் சவப்பெட்டி தேவாலயத்தைவிட்டு வெளியே வரும். பழைய படகோட்ட அணியின் எட்டுப் பெண்களும் இருபுறம் நின்று துடுப்புகளை வளைவாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஆற்றோடு வாழ்ந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை.

“எனக்குப் பதிலா வேற யாராவது நிக்கட்டுமே, பிலிப்பா.”

“அடிப்பாவி, முப்பது வருஷமாச்சு. இன்னுமா அந்த ரேஸ்?”

“தோத்ததுக்கு இல்லடி. ‘உன் உடம்பு தாங்கல’ன்னாரே, அதுக்கு. தன் தப்புன்னு கடைசி வரைக்கும் அவர் வாயிலருந்து ஒரு வார்த்தை வரல.”

“சிமெண்டை இழுக்குற மாதிரி இருந்துச்சு. நான் முந்தின நாள் தின்ன பாஸ்தா மேல பழி போட்டேன். நட, ஏழு பேர வச்சு வளைவு நிக்காது.”

அந்தப் போட்டி நடந்த கோடையில்தான் துடுப்புகளுக்குக் கோடரி முகம் போன்ற அகன்ற அலகுகள் வந்திருந்தன. கரண்டி போன்ற பழைய அலகைவிட அவை தண்ணீரை இறுகப் பற்றும். பற்றுக் கூடினால் தண்டின் நீளத்தைக் குறைக்க வேண்டும். படகுகளுக்குப் பொறுப்பாளரான டெஸ்மண்ட் பழைய நீளத்திலேயே பொருத்திவிட்டார். ஆயிரம் மீட்டர்வரை முன்னிலை. பிறகு கைகள் செத்தன. முடிவுக்கோட்டுக்கு முன் டாம்சினின் விலா முறிந்தது. மற்ற எழுவரும் அன்று மாலையே தத்தம் துடுப்பை நினைவாக எடுத்துப் போனார்கள். மருத்துவமனையில் கிடந்தவளுடையது கொட்டகையில் தங்கிவிட்டது. பிறகு அவள் அதைத் தொட்டதேயில்லை.

தேவாலய வாசலில், கைப்பிடிகளைத் தரையில் ஊன்றி அலகுகளை எதிரெதிராகச் சாய்த்தார்கள். மூன்று ஜோடிகள் முட்டி நின்றன. டாம்சினின் அலகு பிலிப்பாவுடையதை எட்டவில்லை.

“கிட்ட வாடி.”

“கோட்டுலதான் நிக்கிறேன்.”

டாம்சின் குனிந்து பார்த்தாள். கைப்பிடிக்கு மேலே தண்டில் ஒரு துண்டு அறுத்தெடுக்கப்பட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் ஒட்டப்பட்டிருந்தது. வார்னிஷுக்கு அடியில் பென்சிலால் அப்பாவின் எழுத்து: ஏழு செ.மீ. அதன் கீழே, போட்டிக்கு மறுநாள் தேதி.

“என்னடி அது?”

“ஒண்ணுமில்ல. பெட்டி வருது.”

டாம்சின் துடுப்பைத் தரையிலிருந்து தூக்கினாள். அலகோடு அலகு முட்டியது. விலா வலித்தது. பெட்டி வளைவைக் கடந்து வண்டியை அடையும்வரை கைப்பிடி தரையைத் தொடவில்லை.