பெருசு பண்ணிடு

நெருப்பை ‘அணை’ என்று வாயால் சொல்லாத வீட்டில் நீங்கள் இருந்திருக்கிறீர்களா? திருவாலங்காட்டுக்குத் தெற்கே லட்சுமியம்மாள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. பாம்பு என்றும் சொல்லமாட்டார்கள், பூச்சிதான். படியிறங்கும்போது ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘வரேன்’தான். “பாம்பு கடிச்சாக்கூட எங்கம்மா பூச்சி தொட்டுச்சின்னுதான் சொல்லும். வைத்தியரு கொசுக்கடிக்கு மருந்து குடுப்பாரு” என்று மகன் வீரராகவன் சிரிப்பான்.

அவன் பெண்சாதி அஞ்சம்மாள் பள்ளிப்பட்டுக்காரி. கல்யாணமான வருஷமே பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், போன மாதம் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். பதினெட்டு நாள் பிள்ளை. அதற்கும் இந்த வீட்டில் ஒரு சொல் வைத்திருந்தார்கள்: “தங்கல.” அஞ்சம்மாள் அழவில்லை. சோறு போட்டால் தின்றாள். பால் கட்டி ரவிக்கை நனைந்தால் அவிழ்த்து அலசிக் கொடியில் போட்டாள்.

“கல்லாட்டம் கீறா நைனா. நெல்லு அவிச்சி முடியட்டும். தேறலன்னா கொஞ்ச நாளு அவ ஆத்தா ஊட்ல உட்டுட்டு வா” என்று லட்சுமியம்மாள் மகனிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. கொஞ்ச நாள் என்பதற்கு இந்த வீட்டில் என்ன அர்த்தமோ என்று மட்டும் நினைத்தாள்.

நெல் அவிக்கும் அடுப்பு தோட்டத்தில் இருந்தது. முழங்கை ஆழத்துக் குழி. மாமியார் எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். “வைக்கப்போருக்கும் அடுப்புக்கும் இருபது தப்படி உடணும். முந்தானைய இடுப்புல சொருவிக்கோ. ரெண்டு குடம் தண்ணி கிட்டயே இருக்கணும். காத்து வைக்கப்போர் பக்கம் திரும்புச்சின்னா கட்டைய வெளிய இஸ்துடு.” அஞ்சம்மாள் ஒன்றுவிடாமல் செய்தாள்.

பொழுது சாயக் கடைசி அண்டாவும் இறங்கியது. லட்சுமியம்மாள் விளக்கேற்ற உள்ளே போகும்போது, “எம்மே, அடுப்ப பெருசு பண்ணிட்டு வா” என்றாள்.

விளக்கை அணைப்பதைத்தான் அந்த வீட்டில் ‘பெருசு பண்ணு’ என்பார்கள். தினமும் விளக்கை அணைப்பது லட்சுமியம்மாள்தான். மருமகளிடம் அப்படிச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அண்டா இறங்கிய அடுப்புக்குப் பெரிய நெருப்பு எதற்கு என்று அஞ்சம்மாளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அவள் எதையும் கேட்டு ஒரு மாதமாகியிருந்தது. நாலு பனைமட்டையை உள்ளே தள்ளினாள். நெருப்பு இடுப்புயரம் எழுந்தது. காற்று திரும்பியது. ஒரு பொறி போரில் போய் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அடிப்பாவி! இன்னாடி பண்ணிக்கினு கீற?” மாமியார் உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

“பெருசு பண்ணேன் அத்த.”

லட்சுமியம்மாள் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு கத்தினாள். “அணைடி! அணை, அணை!”

அக்கம்பக்கத்தார் குடங்களோடு ஓடிவந்தார்கள். பாதிப் போர் மிஞ்சியது. எல்லோரும் போனபின் லட்சுமியம்மாள் நனைந்த புடவையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அஞ்சம்மாள் அவள் எதிரில் குந்தினாள். “அந்தச் சொல்லு வருதே ஒங்களுக்கு. புள்ள செத்துப்போச்சின்னும் ஒரு தபா சொல்லுங்க அத்த.”

லட்சுமியம்மாள் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ரயிலுக்கு வீரராகவன் அஞ்சம்மாளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். தோட்டத்தில் மாடு கருகிய வைக்கோலை முகர்ந்து தலையைத் திருப்பிக்கொண்டது.

“வரேன்னு சொல்லிட்டுக் கெளம்பு” என்றாள் லட்சுமியம்மாள்.

“போறேன் அத்த” என்று சொல்லிவிட்டு அஞ்சம்மாள் படியிறங்கினாள்.