செவ்வாய்க்கிழமை நாடகத்தின் முடிவு

‘சாம்ராஜ் வாடகை நிலையம் – எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்’ என்று என் கடைப்பலகையில் எழுதியிருக்கும். எல்லாம் என்றால் அண்டா, குண்டா, கரண்டி, மடக்கு நாற்காலி, இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதில் ஒன்று எரியாது. சங்கரன்கோவில் கல்யாணங்களுக்கெல்லாம் உட்கார நாற்காலி கொடுத்தவன் நான். என் வீட்டில்தான் பதினொரு வருஷமாகப் புதிதாக உட்கார ஆள் வரவில்லை. இந்த வேடிக்கையை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். மற்றவர்கள் சொன்னால் என் மனைவி ஞானதீபத்துக்கு வலிக்கும்.

அவள் தங்கை இன்பம், இளையரசனேந்தல் வாத்தியார் ஜஸ்டஸுக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பிள்ளைகள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள், கேக்கைக் கடித்துக்கொண்டே, “அக்கா, மூணாவது வருது. இது ஒனக்கு” என்றாள். ஏதோ பந்தியில் பக்கத்து இலைக்கு அப்பளத்தைத் தள்ளிவிடுவதுபோல. ஜஸ்டஸ் பக்கத்தில் நின்று தலையாட்டினார். இருவரும் முன்பே பேசி முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. என் கேக் தொண்டையில் நின்றுவிட்டது. ஞானதீபம் என் முதுகில் தட்டுவதை விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று இன்பத்தை ஏழாம் மாதமே இங்கே கூட்டிவந்துவிட்டோம். அவளுக்குப் பொழுது போகட்டும் என்று கடையநல்லூர் சலாவுதீன் பாயிடம் ஒரு டி.வி. வாங்கினேன். மொட்டைமாடியில் குழாய் நட்டு ஆன்டெனாவை டி.வி. கோபுரம் இருக்கும் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்று பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அடுத்த செவ்வாய்க்கிழமை வரை நீடித்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் நாடகம், அன்றைக்கே முடிந்துவிடும் கதை. அன்று ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கடை நாற்காலிகள் எல்லாம் வெளியே போயிருந்ததால், தெருவே எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தது. அடுத்த வீட்டுக் கோமதித்தாய் எப்போதும்போல முன்வரிசை.

கதை இதுதான்: பிள்ளையில்லாத ஒரு பேங்க் அதிகாரியும் மனைவியும். தையல் மெஷின் மிதித்துப் பிழைக்கும் ஒரு பெண், டாக்டர் ஏற்பாட்டின்படி அவர்களுக்காக ஒரு பிள்ளையைச் சுமக்கிறாள். அந்த நடிகையைச் சும்மா சொல்லக்கூடாது. ஊசியில் நூல் கோக்கும்போது வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிறது. அவள் நூலை அப்படியே பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோலக் கீழே குனிந்து பார்த்தாள். ஒரு வசனம் இல்லை. தெருவே தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. என் தொப்பையை நானும்.

அப்போதுதான் நாடகத்து டாக்டர், “இவங்கதான் வாடகைத் தாய்” என்றார்.

கோமதித்தாய் திரும்பினாள். “ஏன் அண்ணாச்சி, ஒங்க போர்டுல எல்லாம்னுதான போட்டிருக்கு? இதுவும் உண்டோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஞானதீபம் சிரிக்கவில்லை.

பிள்ளை பிறந்தது. பேங்க் அதிகாரியும் மனைவியும் வாசலில் காரோடு நிற்கிறார்கள். தையல்காரி பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி கதவுக்கு உள்ளே நிற்கிறாள். முன்னே ஒரு அடி வைக்கிறாள். பின்னே ஒரு அடி வைக்கிறாள். கையை நீட்டுகிறாளா, கதவைச் சாத்துகிறாளா—

‘தடங்கலுக்கு வருந்துகிறோம்.’

பூங்கொத்துப் படம் போட்ட அந்த அட்டை வந்து நின்றுவிட்டது. நான் மாடிக்கு ஓடிப்போய் ஆன்டெனாவை ஆட்டினேன். தடங்கல் ஸ்டேஷனிலேயே என்பது ஆட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. கீழே இறங்கி வந்தபோது வழக்கு நடந்துகொண்டிருந்தது.

“குடுக்க மாட்டா,” என்றாள் கோமதித்தாய். “பெத்த வயிறு எப்படிக் குடுக்கும்? நானா இருந்தா கதவைச் சாத்திருவேன்.” சொன்ன பிறகுதான் அவளுக்கு இன்பத்தின் வயிறு கண்ணில் பட்டது. அந்தப் பிள்ளை யாருக்கென்று தெரிந்த தெருவின் கண் முழுவதும் அங்கே போனது.

ஞானதீபம் எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். இன்பம் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

நிலைமையைச் சமாளிக்க ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றக்கூடாத நேரத்தில்தான் தோன்றும். “நான் எதை வாடகைக்கு விட்டாலும் அட்வான்ஸ் வாங்கிருவேன். கொழுந்தியாகிட்டதான் வாங்காம விட்டுட்டேன்” என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. என் நாக்கைக் கழற்றி அண்டாவுக்குள் போட்டு மூடிவிடலாம்போல இருந்தது.

இன்பம்தான் பேசினாள். “அத்தான், வாடகைக்குப் போன அண்டா கடைசியில எங்கன வரும்?”

“கடைக்கு.”

“வராட்டி?”

“சைக்கிள எடுத்துட்டுப் போயி தூக்கிட்டு வந்துருவேன்.”

“அதுல யார் பேரு வெட்டியிருக்கும்?”

“என் பேருதான்.”

“அப்ப இது வாடகை இல்ல. இது எங்கயும் திரும்பி வராது.” எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்து, பிள்ளைக்குப் பால் புகட்டும் ஒரு வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்து அக்காவின் மடியில் வைத்தாள். “நம்ம அம்மா அப்பா இருந்திருந்தா ஒனக்கு எவ்வளவோ சீர் செஞ்சிருப்பாவ. இது நான் செய்யுத சீரு. சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்டணும்லா? பாரு.”

பாலாடையின் மூக்குக்குக் கீழே, ‘ஞா.சா.’ ஞானதீபம் சாம்ராஜ். என் அண்டாக்களுக்குப் பேர் வெட்டும் பரமசிவனின் கைவேலை. அந்தப் பயல் தினமும் என் கடையில் டீ குடிக்கிறவன், வாயைத் திறக்கவில்லை.

ஞானதீபம் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். “கடைசி நேரத்துல மனசு மாறிச்சுன்னா சொல்லிரு, இன்பம். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

“மாறாது. ஆனா அழுவேன், அக்கா. பால் கட்டும், நெஞ்சு வலிக்கும், அழாம என்ன செய்வேன்? அழுதா, இவ அழுதான்னு மட்டும் எடுத்துக்கோ. திருப்பிக் கேக்கான்னு எடுத்துக்கிடாத.”

கோமதித்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். டி.வி.யில் அட்டை போய்ப் படம் வந்தது. ஆனால் அது அடுத்து வரும் விவசாய நிகழ்ச்சி, வயலும் உரமுமாக. தையல்காரி என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் யாரும் கவலைப்படவுமில்லை.

ஆவணியில் பெண் பிள்ளை பிறந்தது. நர்ஸ் கொண்டுவந்து கொடுத்ததும் இன்பம் வாங்கி, நெற்றியில் முத்தமிட்டு, அக்கா கையில் வைத்தாள். வைத்த கை மடங்கவில்லை. நீட்டியபடியே இருந்தது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, தோள் குலுங்க அழுதாள்.

எனக்குத் தாங்கவில்லை. என்னைப்போன்ற உதவாக்கரைகளுக்கு இளகிய மனசுதான் மிச்சம். “இன்பம், வேணும்னா நீயே வச்…” என்று வாயெடுத்தேன்.

ஞானதீபம் என் காலை மிதித்தாள். கட்டைவிரல் நசுங்கிவிட்டது. “சும்மா இரிங்க. அவ அழுதா. அவ்வளவுதான்.” பிள்ளையோடு போய்க் கட்டிலில் தங்கையின் முதுகுப்பக்கம் உட்கார்ந்து, அவள் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு தானும் அழுதாள்.

நான் நொண்டிக்கொண்டே வராந்தாவுக்கு வந்தேன். கோமதித்தாய் வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள்.

“ஏன் அண்ணாச்சி, அந்த நாடகத்துல அவ குடுத்தாளா, குடுக்கலையா? யாரக் கேட்டாலும் தெரியலைங்காவ.”

“குடுத்துட்டா.”

“நீங்க பாத்தியளோ?”

“இப்பத்தான் பாத்துட்டு வாரேன்” என்றேன்.