காற்றுக்குப் போட்ட பூட்டு

கார்த்திகை பிறந்துவிட்டால் ரெம்பாவ் ஊர்ப் பக்கத்து வானம் மெல்லத் தாழ்ந்து, செம்பனைகளின் தலைமேல் வந்து அமர்ந்துகொள்கிறது. பகல் எங்கே முடிந்து மாலை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடிவதில்லை. மட்டையின் நுனியில் நீர் திரண்டு, நெடுநேரம் தயங்கி, பிறகு சொட்டுகிறது. பறவைகள் வாய் திறப்பதில்லை. கூதிர் என்று முன்னோர் பெயரிட்ட இப்பருவம், மூங்கிலாற்றுத் தோட்டத்துக்கு அச்சத்தையும் உடன் அழைத்து வரும்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், ஆற்றை ஒட்டிய கடைசி வீட்டில் இராஜமாணிக்கம் கால்கள் விளங்காமல் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். ஆறு ஏறினால் அவரைக் கட்டிலோடு தூக்க ஆள் சேர வேண்டும். அதற்கு முன்னறிவிப்பு வேண்டும்.

அவருடைய மகள் மோகனா, லுக்குட் நகரில் மின்கருவிப் பட்டறை நடத்துபவள். பாலத்தில் நீர்மட்டம் உயர்ந்தால் மேட்டு முனீசுவரர் கோயில் மரத்தில் கட்டிய மின்சங்கு தானே ஊத வேண்டும் என்று முன்பே கம்பி இழுத்திருந்தாள். ஒருமுறை காட்டுப்பன்றி கிளறியது. மறுமுறை செம்புக்காகத் திருடர்கள் அறுத்துப் போனார்கள். சலித்துப்போய், பாலத்தில் ஒன்றும் கோயிலில் ஒன்றுமாகச் சிறிய வானொலிக் கருவிகளைப் பொருத்தினாள். சிறு மின்கலத்தைக் கொண்டே ஆண்டுக்கணக்கில் பேசக்கூடியவை அவை. பாலம் சொல்ல, கோயில் கேட்கும். நடுவே கம்பியே இல்லை.

அந்த அதிசயத்தை உலகுக்கு உணர்த்தும் பொறுப்பைக் கோயில் தலைவர் தங்கராஜு தாமே ஏற்றுக்கொண்டார். எந்தத் திருப்பணியையும் தம் பெயர் பொறித்த கல்லிலிருந்தே தொடங்கும் உத்தமர் அவர். கோயில் குடத்திலும் அவர் பெயர், குடை நிழலிலும் அவர் பெயர். முனீசுவரரின் நெற்றி மட்டும் இன்னும் தப்பியிருந்தது. கம்பியில்லாமல் பேசும் பெட்டி மழையில் நிற்பது சாமிக்கே குறை என்று அவர் மனம் உருகினார். மோகனா லுக்குட்டுக்குத் திரும்பியதும் அதற்குத் தகரத்தால் கூண்டு கட்டி, தகரக் கதவு போட்டு, பூட்டி, கதவின் மேல் பித்தளையில் தம் பெயரைப் பதித்து, பூசையும் செய்வித்தார்.

செய்தி அறிந்து மறுவாரம் அவள் தலைவரிடம் தொலைபேசியில் கெஞ்சினாள்.

“தகரத்துக்குள்ள வச்சா அது ஒண்ணும் கேக்காது தலைவரே. அது நனையாத பெட்டிதான்லா.”

“நான் எத்தன கோயில் கட்டுனவன்மா. எனக்குத் தெரியாதா கூர போட?”

காற்றில் வரும் செய்திக்குக் கதவு போட்டுச் சாவியை மடியில் முடிந்துகொண்ட மனிதரிடம் வாதாடிப் பயனில்லை. நேரில் வந்து பிரிப்பதென்று முடிவு செய்தாள்.

அவள் வந்த பகலில் மழை இடைவிடாமல் கொட்டியது. பாலத்தின் சிவப்புக் கோட்டைத் தாண்டி நீர் சுழித்தோடியது. சங்கோ வாய் திறக்கவில்லை. லயத்தில் எல்லாரும் சங்கை நம்பிக் கதவடைத்துப் படுத்திருந்தார்கள். மேட்டுக்கு மோட்டார் சைக்கிளை விரட்டினாள். சாவி தலைவரிடம் இருந்தது. தலைவரோ ராசா என்ற ஊரில் ஒரு திருமண மேடையில் மாலை வாங்கிக்கொண்டிருந்தார்.

தேங்காய் உடைக்கும் அரிவாளை எடுத்துப் பூட்டைப் பெயர்த்தாள். கதவு விலகியதும் பெட்டியின் பச்சை விளக்கு சிமிட்டியது. மரத்தின் மேலிருந்த சங்கு, அடக்கிவைத்த அழுகை வெடித்தாற்போல ஊதியது. லயத்துக் கதவுகள் திறந்தன. வாசற்படியை நீர் தொடும் வேளையில் அவள் தந்தை கட்டிலோடு மேடேறினார்.

மாலையில் தலைவர் வந்தார். கோயில் மண்டபத்தில் ஈரத்தோடு ஒண்டியிருந்த குடும்பங்களைக் கடந்து நேரே கூண்டுக்குப் போனார்.

“யாரு ஒடைச்சது? சாமிக்குப் போட்ட கதவும்மா இது.”

“உள்ள சாமி இல்லயே தலைவரே,” என்றாள் மோகனா. “வெளிய உங்க பேருதான் இருந்துச்சு.”

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவர் பித்தளைத் தகட்டைத் துணியால் துடைத்து, சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு போனார்.

மோகனா தகரத்தை முழுவதும் கழற்றினாள். அன்னதானத்தில் பாயசம் ஊற்றும் பிளாஸ்டிக் வாளியைக் கழுவி, பெட்டியின் மேல் குடையாகக் கவிழ்த்துக் கட்டினாள். பச்சை விளக்கின் ஒளி வாளிக்குள்ளிருந்து கசிந்தது. பிறகு கை கழுவி, முனீசுவரர் முன் ஒரு கட்டிச் சூடம் ஏற்றி, அது முற்றும் கரையும்வரை கண்மூடி நின்றாள். சாமியிடம் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

திருநீற்றைக் கொண்டுவந்து தந்தையின் நெற்றியில் இட்டாள். கட்டிலில் கிடந்தபடியே அவர் கையை அவள் தலைமேல் வைத்தார்.

“ஒன் கை தொட்டதெல்லாம் பேசட்டும்மா. நல்லா இரு.”