காசு கட்டின தொண்டர்

உஷாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அன்றைக்கு அது அடுப்புக்கு மேலே ஓடிய விசிறியின் சத்தத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

"வேலைக்குப் போனாச் சம்பளம் தருவினம். வேலையும் செய்து, அதுக்கு நாங்களே காசும் கட்டுறது எண்டு இப்பதான் கேள்விப்படுறன்."

"தொண்டு எண்டால் அப்பிடித்தான்," என்றார் அவள் கணவர் தியாகலிங்கம்.

"ஆருக்குத் தொண்டு? கோல்ஃப் விளையாடுறவைக்கோ? பாவம், கஷ்டப்பட்ட சனம்."

நகரின் மறுகோடியில், பக்குரங்காவுக்கு அப்பால் நடக்கவிருந்த பெரிய கோல்ஃப் போட்டிக்குத் தொண்டராகச் சேர அவர் கட்டிய காசுக்கு ஒரு டீ சேர்ட், ஒரு தொப்பி, ஒரு மழைச்சட்டை, சாப்பாட்டுக் கூப்பன்கள், கூட ஒருவரை அழைத்துவர ஒரு பாஸ் என்று எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. பாஸைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தார். அழைத்துவர ஆள் இருக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல. காசு கட்டி வாங்கியதை எறிய மனம் வரவில்லை. கோல்ஃப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெறுமனே நடக்க வெட்கப்படுகிறவர்கள் ஒரு தடியையும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

பிறகு ஏன் கட்டினார் என்றால், சென்ற குளிர்காலத்திலிருந்து தொடங்கவேண்டும். பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்த மனிதரை 'ரெஸ்ட்ரக்சர்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேக் வெட்டி, தோளில் தட்டி, மிகவும் அன்பாக அனுப்பினார்கள். திட்டி அனுப்பியிருந்தால் கோபித்துக்கொண்டாவது இருந்திருக்கலாம். அதிலிருந்து மவுண்ட் ஆல்பர்ட் வீட்டின் ஜன்னலோரக் கதிரையில் அமர்ந்து, ரயில்கள் மற்ற எல்லாரையும் வேலைக்குக் கொண்டுபோவதை மேற்பார்வை செய்துவந்தார். அவர் பார்த்தும் அவை பிந்தித்தான் ஓடின. நியூ லின்னில் மருந்துக்கடை வேலை முடிந்து வரும் உஷா, கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கதிரையைத்தான். அவள் பார்ப்பதை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ராஜூவின் போன் வந்தது. ராஜூ மலேசியத் தமிழர், ஓய்வுபெற்ற என்ஜினியர், கோல்ஃப் பைத்தியம்.

"லிங்கண்ணே, டிக்கெட் வாங்கிட்டுப் போனா கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கணும். நாம கயித்துக்கு உள்ள நிப்போம் லா."

கயிற்றுக்கு உள்ளே. மாதக்கணக்காக எல்லாக் கயிறுகளுக்கும் வெளியே நின்ற மனிதருக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. ராஜூ போனை வைக்குமுன் காசு போய்விட்டது.

முதல் நாள் காலையில் உஷா திட்டிக்கொண்டே மீன் ரோல்ஸ் பொரித்து, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கிக் கொடுத்தாள். ஒரு ஆளுக்கு மட்டும் சாப்பாடு கட்டுவது எப்படி என்று எங்கள் சனத்துக்கு இன்னும் பிடிபடவில்லை.

மைதானத்தில் அவரைப் பார்வையாளர் குறுக்கே கடக்கும் இடத்தில் நிறுத்தினார்கள். விளையாடுகிறவர் அடிக்க வரும்போது கயிற்றை இழுத்து மூடவேண்டும். பந்து போனபின் திறந்துவிடவேண்டும். வேலை அவ்வளவுதான். அந்தப் பகுதித் தொண்டர்களுக்குத் தலைவி ஜானிஸ், வெயிலில் வெளுத்த தொப்பிக்காரி, இரண்டுதரம் சொல்லிக் காட்டிவிட்டு கோல்ஃப் வண்டியில் போனாள்.

தியாகலிங்கம் நிமிர்ந்து நின்றார். காசும் கொடுத்து, வேலையும் செய்து, புதுச் சட்டையும் போட்டு நிற்கிற இந்த நிலை எங்கோ பழகியதாக இருந்தது. சற்று யோசித்ததும் பிடிபட்டது: உபயகாரர். கோயில் திருவிழாவில் ஒரு நாள் செலவை ஏற்கும் குடும்பத்தலைவர் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்பார், சாப்பிடாமல் போகவிடமாட்டார். சரி, இது அவருடைய திருவிழா.

அதன்பிறகு கயிற்றடிக்கு வந்தவர் எவரும் சும்மா போகவில்லை. எங்கேயிருந்து வருகிறீர்கள், பிள்ளைகள் எத்தனை, சாப்பிட்டாயிற்றா. டப்பா திறந்தது. ஹமில்டனிலிருந்து வந்த கணவனும் மனைவியும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். உறைக்குமா என்று ஒரு கிழவர் கேட்டார்; இல்லை என்றார் தியாகலிங்கம். அது பச்சைப் பொய். கிழவர் கண்ணீரோடு இரண்டாவதுக்கும் கை நீட்டினார்.

ரோல்ஸுக்கு மா எப்படிக் கரைப்பது என்று ஒரு பெண்ணுக்கு இரண்டு கைகளாலும் விளக்கிக்கொண்டிருந்தபோது, கயிற்றைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாமல் போயிற்று. கயிறு தொய்ந்தது. அந்தப் பெண் கடித்த ரோலுடன் புல்வெளிக்குள் நடந்தாள். மேட்டில் தடியை ஓங்கிய விளையாட்டுக்காரர் அப்படியே நின்றார். திரும்பினார். மைதானமே திரும்பியது.

ஜானிஸ் வந்தாள். திட்டவில்லை, அதுதான் பிரச்சினை. தோளில் மெதுவாகத் தட்டி, நாளைக்குக் கார் நிறுத்துமிடத்தில் உதவி தேவைப்படுகிறது, உங்களைப் போன்றவர் அங்கேதான் பொருத்தம் என்றாள். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். கேக் மட்டும்தான் குறை. அதோடு, இந்த முறை வேலையிலிருந்து தூக்கப்படுவதற்குச் சொந்தக் காசு கட்டியிருந்தார்.

"எப்பிடி?" என்று கேட்டாள் உஷா, அன்று மாலை.

"பரவாயில்லை."

அடுத்த நாள் விடிந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. உஷா மருந்துக்கடைக்குப் புறப்பட்டு வந்து பார்த்தால், அவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஜன்னலோரக் கதிரையில்.

"போகேல்லையோ?"

"வயிறு சரியில்லை."

"நேற்று டப்பா முழுக்க நீங்களோ சாப்பிட்டனீங்கள்?"

அந்தக் கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிட்டது: கயிறு, ரோல்ஸ், மேட்டில் நின்ற மனிதர், ஜானிஸின் கை. சொல்லி முடித்துவிட்டு, 'நான் அப்பவே சொன்னனான்' என்பதற்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. உஷா கைப்பையோடு எதிரே அமர்ந்தாள்.

"போன திருவிழாவிலை எங்கடை உபயம். முழுச் செலவும் நாங்கள். முதல் நாள் பூசணிக்காய் வெட்டினது நான், கடைசியிலை கிடாரம் கழுவினதும் நான். உங்களை எங்கை விட்டவை?"

"செருப்படியிலை."

"காசு கட்டின ஆளைச் செருப்புப் பாக்க விட்டவை. அண்டைக்கு வயிறு சரியா இருந்ததோ?"

"அது சாமிக்கு."

"சாமி வந்து சொன்னவரோ? கோயில் தலைவர் ஆனந்தராசா விட்டவர், உங்கடை கதை தாங்கேலாமல். நீங்கள் அங்கையும் இருந்து எல்லாரோடையும் கதைச்சு, ஆரின்ரை செருப்பு எது எண்டு பாடமாக்கினனீங்கள். சனம் சாமியைக் கும்பிட்டுப்போட்டு உங்களிட்டை வந்து அரை மணித்தியாலம் நிண்டது."

"நீர்தானே காசு கட்டி வேலை செய்யிறது விசர் எண்டனீர்."

"ஓம், விசர்தான். இப்பவும் சொல்லுறன்." அவள் குரல் இறங்கியது. கோபம் என்று நினைத்து அவர் நிமிர்ந்து பார்த்தார், கோபம் இல்லை. "பின்னேரத்திலை வந்து கதவைத் திறக்க எனக்குப் பயமா இருக்கப்பா. அந்தக் கதிரையிலை எப்பிடி இருப்பீங்களோ எண்டு. விசர் வேலை எண்டாலும் பரவாயில்லை, எழும்பிப் போங்கோ."

ரயில் ஒன்று போயிற்று. அவர் அதை மேற்பார்வை செய்யவில்லை. எழும்பிச் சட்டையைத் தேடினார்.

கார் நிறுத்துமிடம் என்பது ஒரு வயல், இரவு மழைக்குப்பின் ஒரு சேற்று வயல். கையில் ஒரு செம்மஞ்சள் கொடி. கோல்ஃப் வண்டியோட்டிப் போன ராஜூ நிறுத்தி, "என்னண்ணே, இங்கயா போட்டாங்க?" என்றார்.

"புரமோஷன்," என்றார் தியாகலிங்கம்.

முதல் மணித்தியாலம் நரகம். பிறகு ஒரு கார்க்கண்ணாடி இறங்கியது. "நேற்று ரோல்ஸ் கொடுத்தவர் நீங்கள்தானே?" அந்தக் கிழவர். இன்றைக்கு இல்லையா என்று கேட்டவருக்கு உண்மையிலேயே முகம் வாடியது. அவரைக் கொஞ்சம் காய்ந்த பக்கமாகப் பார்த்து நிறுத்தினார். அடுத்த கார், அதற்கடுத்தது. எங்கேயிருந்து வருகிறீர்கள்? சேற்றில் இறங்கும்போது கவனம். இங்கே யாரும் தடியை ஓங்கிக்கொண்டு மௌனம் கேட்கவில்லை. தொலைவில் அவ்வப்போது கைதட்டல் கேட்டது, அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி மாதிரி. பெருமைப்பட எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மத்தியானக் கூப்பனைக் கொண்டுபோய்ச் சாப்பிட மறந்துவிட்டிருந்தார்.

பின்னேரம் ஒரு சின்ன நீலக்கார் தயங்கித் தயங்கி வாசலுக்குள் வந்தது. கண்ணாடியில் குளிர்ப்பெட்டியிலிருந்த பாஸ் தொங்கியது. கண்ணாடி இறங்கியது.

"எங்கை விடுறது?" என்றாள் உஷா.

அவர் மற்றக் கார்களுக்குக் காட்டியதைவிட இரண்டு மடங்கு பெரிதாகக் கொடியை ஆட்டி, ஊரையே கூட்டி, காலியான வயலில் ஒரு விமானத்தை இறக்குவது போல அவளை இறக்கினார். அந்த ஆர்ப்பாட்டத்தில் சேறு கூடிய இடத்தில் நிறுத்திவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

மருந்துக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தவள், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை தந்தாள். "ஒராள் அடிச்சவர். எல்லாரும் கை தட்டினவை. பந்து எங்கை போனதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை."

"நான் அதையும் பாக்கேல்லை," என்றார் அவர். "ரெண்டு நாளா ஒரு பந்தும் பாக்கேல்லை."

வீட்டுக்குப் புறப்படும்போது சில்லு சுழன்றது, கார் அசையவில்லை. தியாகலிங்கம் பின்னால் போனார். ஓய்வுபெற்ற பல்வைத்தியர் ஒருவர் கொடியைப் போட்டுவிட்டு வந்தார். வங்கிக்காரர் ஒருவர் வந்தார். வண்டியில் போன ஜானிஸும் இறங்கி வந்தாள். எல்லாருக்கும் ஒரே சட்டை, எல்லாரும் காசு கட்டினவர்கள். உஷா பின்சீட்டிலிருந்து, மறுபடி ரோல்ஸ் நிரப்பியிருந்த ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து ஜன்னலால் முதலில் ஜானிஸிடம் நீட்டினாள். ஜானிஸ் டப்பாவையும் பார்த்து, தியாகலிங்கத்தையும் பார்த்து, இங்கே கயிறு எதுவும் இல்லை என்று சொல்லி ஒன்றை எடுத்து வாயில் வைத்துக்கொண்டே தோளைக் கொடுத்தாள்.

தள்ளினார்கள். சேறு தியாகலிங்கத்தின் புதுச் சட்டையில் கழுத்துவரை தெறித்தது. பக்கக் கண்ணாடியில் உஷாவின் முகம் தெரிந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலால் தலையை நீட்டினாள்.

"நல்லாத் தள்ளுங்கோ அப்பா. காசு கட்டினனாங்களெல்லே."