கூப்பிட்ட குரலுக்கு

என் மணிக்கட்டை அவர் பிடித்திருக்கிற பிடியில் வளையல் சதைக்குள் அமுங்குகிறது, காரின் பின் சீட்டில் நானும் அவரும், முன்னால் வண்டி ஓட்டுகிறாள் எங்கள் மகள் செண்பகம், சிங்காநல்லூர் தாண்டித் தென்னந்தோப்புகள் வருகின்றன, அடுத்த ஸ்டாப்பிங் எதுட்டி என்று கேட்கிறார், ஆயுசெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்த என் வீட்டுக்காரருக்கு நகர்கிறதெல்லாம் பஸ்தான், சூலூருங்க என்கிறேன், வாய்க்கு வந்த பேர், அவரைக் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு முதியோர் இல்லம் பார்க்கப் போகிறோம் என்று எப்படிச் சொல்வேன், பயமாக இருக்கிறது, கல்யாணமாகி அவர் பின்னால் முதல்முதலாகப் பஸ் ஏறிய நாளில்கூட இவ்வளவு பயந்ததில்லை, அன்றைக்குக் கூட்டத்துக்குள் அவர் தொலைந்துபோய்விட்டார் என்று நினைத்து, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதே என்று தவித்து, ஏங்க என்று மெதுவாகச் சொன்னேன், அத்தனை இரைச்சலிலும் அது அவருக்குக் கேட்டது, வாரேன்ட்டி என்று ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

இப்போது மிச்சம் அது ஒன்றுதான். அவர் பேரைச் சொன்னால் திரும்புவதில்லை, அப்பா என்று செண்பகம் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று இருந்துவிடுகிறார், நான் ஏங்க என்றால் மட்டும் எந்த மூலையிலிருந்தும் வாரேன்ட்டி என்று வருகிறார், கோவில்பட்டியை விட்டு மகளோடு கோயம்புத்தூருக்கு வந்த புதிதில் தள்ளுவண்டிக்காரி ஒருத்தி, ஏனுங்க, தக்காளி வேணுங்களா என்று தெருவில் கத்த, குளித்துக்கொண்டிருந்த மனுஷர் இடுப்பில் துண்டோடு வாசலுக்கு ஓடிவந்து என்னட்டி என்று நின்றார், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, இந்த ஊர்ல எல்லாப் பொம்பளையும் உங்களுக்குப் பொண்டாட்டிதான், பாத்து நடந்துக்கோங்க என்றேன், அவரும் சிரித்தார், அப்போது அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, இருந்ததா, இல்லை, நான்தான் கவனிக்காமல் விட்டேனா, தெரியவில்லை, அப்புறம் ஒருநாள் காலையில் ஆளையே காணோம், மாடிப்படி இறங்கிப்போய் உடுமலை பஸ்ஸில் ஏறி ஒவ்வொருவரிடமும் வெறுங்கையை நீட்டி டிக்கெட் டிக்கெட் என்று கேட்டிருக்கிறார், அந்தப் பஸ் கண்டக்டர் நல்ல பிள்ளை, உட்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன் என்று தன் சீட்டைக் கொடுத்து, அவர் சட்டைப்பையில் இருந்த நம்பரைப் பார்த்து எங்களுக்குப் போன் போட்டது. செண்பகம் அன்றைக்கு என் முன்னால் உட்கார்ந்து அழுதாள், அம்மா, நான் வேலைக்குப் போயிருக்கையில ரோட்டுல அடிபட்டா என்ன பண்ணுவே, ஒன் முட்டிய வச்சுக்கிட்டு அவரு பின்னால ஓட முடியுமா, அவள் சொன்னது அத்தனையும் நியாயம், அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது, நான் இல்லாம ஒங்கப்பா ஒரு வேள தாங்கமாட்டாரு என்றேன், எல்லோரிடமும் அதையே சொன்னேன், சாமியிடமும் அதையே சொன்னேன்.

காலையில் முதலில் பார்த்த இல்லத்தில் ஒரு பெரியவரின் கையைத் துண்டால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள், ராத்திரி எந்திரிச்சு விழுந்துடறாரும்மா, பாதுகாப்புக்குத்தான் என்றான் மேனேஜர், பினாயிலுக்கும் மூத்திரத்துக்கும் நடுவில் மூச்சு முட்டியது, என் மணிக்கட்டை அவர் பிடித்தது அங்கேதான், அதற்குப்பிறகு விடவே இல்லை, காரின் ஆட்டத்தில் கண் செருகுகிறது, கட்டிலில் கட்டுண்டு கிடக்கிறவர் முகத்தைத் திருப்புகிறார், அது இவர் முகம், வாரேன்ட்டி, கட்ட அவுத்துவிடு என்கிறார், முடிச்சை இழுக்கிறேன், இழுக்க இழுக்க இறுகுகிறது, அம்மா, எறங்கு என்கிறாள் செண்பகம், வண்டி நின்றிருக்கிறது.

இந்த இடம் சுத்தமாக இருக்கிறது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை, ரசம் கொதிக்கிற வாசனை, முருங்கை மர நிழலில் நாற்காலி போட்டுக் கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் கையிலும் கட்டு இல்லை, குறை கண்டுபிடிக்க நான் மூலை மூலையாகத் தேடுகிறேன், கக்கூஸைக் காட்டச் சொல்கிறேன், அதுவும் காய்ந்து பளிச்சென்று இருக்கிறது, அங்கே கிழவர்களைப் பார்த்துக்கொள்கிற மரகதம் என்ற பெண் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து இவர் முன்னால் குனிந்து, ஏனுங்க, வாங்க, டீ குடிக்கலாம் என்கிறாள். ஏனுங்க. இந்த ஊரில் யாரும் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், எனக்குத் தெரியும், என் மணிக்கட்டில் பிடி தளர்கிறது, ஒவ்வொரு விரலாக விடுகிறது, அவர் முகம் மலர்கிறது, வாரேன்ட்டி என்கிறார், என்னைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து அவள் பின்னால் நடக்கிறார்.

கட்டிப்போடுகிற இடத்தைப் பார்த்து அவருக்காகப் பயந்தேன், இங்கே எனக்காகப் பயப்படுகிறேன், இவர் தாங்குவார், நான் இல்லாமல் நன்றாகவே இருப்பார், வெட்கத்தை விட்டு, தொண்டை கிழிய, ஏங்க என்று கத்துகிறேன். மரத்தடியில் இருந்த கிழவர்கள் அத்தனை பேரும் திரும்புகிறார்கள், ஒவ்வொரு முகத்திலும் ஒரே வெளிச்சம், அவர் மட்டும் திரும்பவில்லை, வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். கட்டம் போட்ட லுங்கி கட்டிய ஒருவர் எழுந்து தடுமாறி என்னிடம் வருகிறார், வந்துட்டேன் புள்ள, எங்க போயிட்டே இத்தன நாளா என்று என் மணிக்கட்டைப் பிடிக்கிறார், மரகதம் உள்ளேயிருந்து ஓடிவந்து என் காதுக்குள், இவரு வீட்டம்மா போன வருசமே தவறிட்டாங்க, இன்னும் இவருகிட்ட சொல்லலீங்க என்கிறாள், செண்பகம் பதறி, அம்மா, பயந்துட்டியா, வேண்டாம்னா அப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவோம் என்கிறாள், உள்ளேயிருந்து அவர் சிரிக்கிற சத்தம் வருகிறது, எத்தனையோ நாளாகக் கேட்காத சத்தம், இந்த எடமே இருக்கட்டும்ட்டி என்கிறேன், லுங்கிக்காரரின் கை இன்னும் என்னை விடவில்லை, நான் செத்துப்போனால் எனக்குப் பதிலாக யார் குரலுக்கு என் வீட்டுக்காரர் இப்படி எழுந்து வருவார், ஏங்க, உட்காருங்க, நான் எங்கயும் போகல என்று இந்த மனிதரிடம் சொல்கிறேன்.