இஞ்ச் பழகிய கை

ஆலையில் லேத்தில் இரும்பு கடைந்துகொண்டிருந்து, ஆள் குறைத்தபோது வெளியே வந்த டர்னருக்கு மிஞ்சியது கொல்லைப்புறக் கொட்டகையும் வீம்பும்தான். பம்ப் கம்பெனி ஐந்து தண்டுகளைக் கொடுத்து, அவற்றில் மில்லிமீட்டர் அளவில் திருகு மரை வெட்டிக் காட்டச் சொல்லியிருந்தது. சரியாக வந்தால் வருஷம் முழுக்க வேலை. அதுவரை அந்த வேலையைச் செய்துவந்தவன் அவருடைய மச்சினன். அவனையே துணைக்குக் கூட்டிக்கொண்டு லேத் வாங்கப் போனாரே, அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல.

பழைய இயந்திரக் கடையில் இஞ்ச் லேத் ஒன்றும் மில்லிமீட்டர் லேத் ஒன்றும் நின்றன.

“முப்பது வருஷமா இஞ்ச்ல பழகின கை, மாமா. இனிமே போய் மாத்துவீங்களா?” என்றான் மச்சினன்.

“வெட்ட வேண்டியது மில்லிமீட்டராச்சே, மாப்ளே.”

“நூத்தி இருபத்தேழு பல்லு சக்கரம் எங்கிட்ட சும்மா கிடக்கு. மாட்டினா இஞ்ச் லேத்லயே வந்துடும்.”

அதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. டர்னர் இஞ்ச் லேத்தையே வாங்கினார்; சக்கரத்தை அவனே வந்து மாட்டியும் கொடுத்தான். டர்னர் உருகிப்போனார்.

இஞ்ச் மரை வெட்டும்போது ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் உளியை இழுத்துச் செல்லும் நட்டின் கைப்பிடியைத் தூக்கிவிட்டு, உளியைத் தொடக்கத்துக்குத் தள்ளலாம். மறுபடி எங்கே இறக்குவதென்று டயல் சொல்லும். மில்லிமீட்டருக்கு அந்த லேத்தில் டயல் கணக்கு ஒத்துவராது; கைப்பிடியைத் தூக்கவே கூடாது. மோட்டாரைத் திருப்பி ஓட்டித்தான் பின்னால் வர வேண்டும். டர்னர் வாழ்நாளில் மில்லிமீட்டர் மரை வெட்டியதில்லை. பழக்கதோஷம், தூக்கினார். இரண்டாம் வெட்டு முதல் வெட்டின் முகட்டை அறுத்துக்கொண்டு போனது. டயலைத் திட்டினார், உளியைத் திட்டினார், யாரையும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஐந்து தண்டும் பாழ்.

மறுவாரம் வேலை முழுவதும் பழையபடி மச்சினனுக்கே போனது. விஷயம் தெரிந்து டர்னரின் மனைவி தன் தம்பியை வீட்டுக்கு வரவழைத்தாள்.

“கைப்பிடியத் தூக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா?”

“முப்பது வருஷ டர்னருக்கு நான் பாடம் எடுக்கவாக்கா? அவர் கேட்கலையே.” டர்னர் பக்கம் திரும்பினான். “நாளையிலேருந்து நம்ம பட்டறைக்கு வந்துடுங்க, மாமா. பிசிறு தேய்க்க ஆள் இல்ல. அரத்தைப் பிடிக்கத் தெரிஞ்சாப் போதும்.”

புருஷன் அவனை அடித்து வெளியே தள்ளுவார் என்று அவள் காத்திருந்தாள். அப்படியாவது செய்யட்டும் என்றிருந்தது அவளுக்கு.

“எத்தனை மணிக்கு வரணும், மாப்ளே?” என்றார் டர்னர்.